வாஷருக்கு நான் நீட்டிய வெறுங்கை

போன வருஷம் ஆவணி மாதம். கும்மிடிப்பூண்டியில் கம்பெனிகள் வரிசையாக நிற்கிற ஏரியாவுக்குப் பக்கத்தில், மெயின் ரோட்டிலிருந்து ரெண்டு நிமிஷ நடையில், ஒரு லைன் வீட்டில் குடியிருந்தேன். எட்டு அறை, ஒரே கூரை, எல்லாருக்கும் பொதுவாக ஒரு தண்ணீர்த் தொட்டி. நெல் வயலின் ஓரத்தை மேடாக்கி ஹவுஸ் ஓனரம்மா கட்டி விட்ட வீடு அது. எட்டு அறையிலும் ஷிப்ட் வேலைக்குப் போகிற ஆட்கள்தான். அதனால் எந்த நேரம் பார்த்தாலும் வாசலில் சேஃப்டி ஷூக்கள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருக்கும்.

சேஃப்டி ஷூ என்றால் முனையில் இரும்பு வைத்த கனமான ஷூ. அதைப் போடாமல் போனால் கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி உள்ளே விடமாட்டார். தாலி கட்டிவிட்டு நேராக மாலையோடு வந்தாலும், முதலில் காலைத்தான் பார்ப்பார்.

நான் ஒரு இரும்பு மில்லில் வேலை பார்க்கிறேன். பத்தாவது பாதியிலேயே பள்ளிக்கூடமும் நானும் பிரிந்துவிட்டோம். ரெண்டு பேருக்குமே அதில் வருத்தம் கிடையாது. எனக்குத் தெரிந்த ஒரே வித்தை அடுத்தவர்களைக் கலாய்ப்பது. தூங்குகிறவன் ஷூ லேஸை ரெண்டு காலுக்கும் சேர்த்துக் கட்டுவது, "சூப்பர்வைசர் கூப்பிடறாரு" என்று சொல்லி ஆளை ஓட விடுவது, இதெல்லாம் எனக்கு சாப்பாட்டுக்கு ஊறுகாய் மாதிரி.

ஒரு நாள் மில்லின் பின்சுவர் ஓரம், ஸ்கிராப் குவியலுக்கு அடியில் ஒரு குட்டி நாய் கத்திக்கொண்டிருந்தது. செம்பழுப்பு நிறம். இடது கண்ணைச் சுற்றி மட்டும் வெள்ளையாக ஒரு வட்டம், போல்ட்டில் மாட்டுகிற வாஷரை அச்செடுத்து ஒட்டின மாதிரி. டிபன் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். பெயர் வைக்க யோசிக்கவே தேவைப்படவில்லை. வாஷர்.

கலாய்க்க எனக்கு ஒரு முழுநேர ஆள் கிடைத்துவிட்டான் என்றுதான் சந்தோஷப்பட்டேன். மூடின கையை நீட்டி, "இந்தா வாஷரு, பொறை" என்பேன். டீக்கடையில் கண்ணாடி பாட்டிலில் போட்டு வைத்திருப்பார்களே, அந்தக் காய்ந்த ரொட்டிப் பொறைதான். வாஷர் வாலை ஆட்டிக்கொண்டு வரும். கையைத் திறந்தால் ஒன்றும் இருக்காது. இல்லையென்றால் கூழாங்கல் இருக்கும். பந்தை வீசுகிற மாதிரி கையை வீசிவிட்டு, பந்தை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்வேன். அது வயல் வரப்பு வரைக்கும் ஓடிப் போய்த் தேடிவிட்டு, குழம்பிப் போய்த் திரும்பிப் பார்க்கும். காலி பிஸ்கட் கவரைக் கசக்கிச் சத்தம் காட்டிக் கூப்பிட்டு, வந்ததும் பிடித்துத் தொட்டித் தண்ணீரில் முக்குவேன். லைனே சிரிக்கும். ரெண்டு பேர் போனில் வீடியோ எடுப்பார்கள். சிரிக்காத ஒரே ஆள் வாஷர்தான்.

இதில் பெரிய ஹிட் ஆன விளையாட்டு ஷூ விளையாட்டு. என் பழைய சேஃப்டி ஷூ ஒன்றை அதன் வாயில் கொடுத்துவிட்டு, "டேய் திருடா!" என்று கத்திக்கொண்டு பின்னாலேயே ஓடுவேன். அது தொட்டியைச் சுற்றும், கொடிக்கம்பியைச் சுற்றும், வயலில் இறங்கும். நான் எவ்வளவு வேகமாக ஓடுகிறேனோ அவ்வளவு குஷி அதற்கு. ஒரு மாதம் இப்படியே ஓடினோம்.

இங்கேதான் எனக்கு நானே வேட்டு வைத்துக்கொண்டேன். என் ஷூ எது, அடுத்தவன் ஷூ எது என்று நாய்க்கு எப்படித் தெரியும்? ஷூவைத் தூக்கினால் மனுஷன் பின்னாலேயே ஓடிவருவான், அது மட்டும் அதற்கு நன்றாகப் புரிந்துவிட்டது.

முதலில் மாட்டியவர் பக்கத்து அறை அண்ணன். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர், சொந்த ஊர் திருவள்ளூர் பக்கம். ஷிப்ட்டுக்குப் பத்து நிமிஷம் முன்னாலேயே போய் நிற்கிற மனுஷன். ஒரு மத்தியானம், செகண்ட் ஷிப்ட்டுக்குக் கம்பெனி பஸ் வந்து முனையில் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கிறது. அண்ணன் ஒரு காலில் ஷூவோடு, ஒரு காலில் வெறும் சாக்ஸோடு வயலுக்குள் ஓடிக்கொண்டிருக்கிறார். முன்னால் வாஷர், வாயில் அவருடைய இன்னொரு ஷூ.

"அடேய்! உன் நாய கூப்புட்றா! பஸ்ஸு பூடும்டா!"

"வாஷரு! இங்க வா! இந்தா பொறை!" என்று கையை நீட்டிக் கத்தினேன்.

வாஷர் நின்றது. என் கையைப் பார்த்தது. பிறகு, இதெல்லாம் எனக்குத் தெரியாதா என்கிற மாதிரி திரும்பி, இன்னும் வேகமாக ஓடியது.

பஸ் போய்விட்டது. ஷூ சேற்றில் கிடைத்தது. அண்ணன் சேறு சொட்டச் சொட்ட என் முன்னால் வந்து நின்றார்.

"இன்னாடா பாத்துக்கினு நிக்கற? உனுக்கு வெளாட்டு, எனுக்கு லீவு. இந்த மாசம் இன்னொரு லீவு உயுந்துச்சுன்னா காண்ட்ராக்டரு என்ன வராதன்னுடுவான், தெரியுமா?"

சும்மா இருக்கலாமில்லையா நான்? "அண்ணே, எட்டு ஜோடி இருந்தும் உன் ஷூவத்தான் புட்ச்சு எடுத்துது பாரு. அவ்ளோ வாசனை" என்றேன். அன்றைக்கு அவர் என்னை அடிக்காமல் விட்டதே பெரிய விஷயம்.

பத்து நாளில் நாலு ஷூ. நாலு பேருக்கும் பஸ் போனது. கடைசியில் பஞ்சாயத்து ஓனரம்மாவிடம் போனது. வயலில் இருந்து நேராக, கையில் அரிவாளோடு வந்து வாசலில் நின்றார். புல் அறுத்துக்கொண்டிருந்த அரிவாள்தான். ஆனால் எனக்கு அது அப்போது வேறு மாதிரி தெரிந்தது.

"டேய் நைனா, வாடகைக்கு விட்டது ஆளுங்களுக்கு. திருடனுக்கு இல்ல."

"அது கொயந்த மாதிரிம்மா..."

"கொயந்தைக்கு நீ கத்துக் குடுத்த லட்சணம்தான் ஊரே சிரிக்குதே. கார்த்திகை தீபம் வரிக்கும் டைம் தரேன். அதுக்குள்ள அது ஒயுங்கா இருந்தா இருக்கட்டும். இல்லன்னா செக்போஸ்ட்டுக்கு அந்தாண்ட இட்டுக்கினு போயி உட்டுட்டு வந்துடு."

செக்போஸ்ட்டுக்கு அந்தாண்டை என்றால் ஆந்திரா. எங்கள் பக்கம் வேண்டாத நாயை அங்கேதான் ரோட்டோரம் இறக்கிவிட்டு வருவார்கள். அதில் எத்தனை உயிரோடு இருக்கும் என்று யாரும் திரும்பிப் போய்ப் பார்ப்பதில்லை.

தீபத்துக்கு அஞ்சு வாரம்தான் இருந்தது.

முதலில் சங்கிலி வாங்கிக் கட்டினேன். நான் வேலைக்குப் போன எட்டு மணி நேரமும் அது ஊளையிட்டதாக லைனே புகார் சொன்னது. என் ஷிப்ட் வேறு வாரத்துக்கு வாரம் மாறும். நான் எப்போது வருவேன், எப்போது போவேன் என்று அதற்கு ஒன்றும் புரியாது. அவிழ்த்துவிட்டேன். மறுநாளே ஒரு ஷூவைத் தூக்கியது. கோபத்தில் செருப்பை எடுத்து ஓங்கி ஒரு அடி. வாஷர் கத்தவில்லை. வயிறு தரையில் படும்படி பதுங்கி, தொட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டு, அந்த வட்டக் கண்ணால் என்னைப் பார்த்தது. அன்று வைத்த சோற்றை அது தொடவில்லை. நானும் சரியாகச் சாப்பிடவில்லை. இதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் என்னைக் கலாய்ப்பார்கள்.

விடை கிடைத்தது மில்லில்.

என் வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். மேலே, ஷெட் கூரையை ஒட்டி கிரேன் ஓடும். அதன் கேபினில் ஆபரேட்டர் உட்கார்ந்திருப்பான். கீழே கம்பிக் கட்டைக் கொக்கியில் மாட்டிவிட்டு நான் கையால் சிக்னல் காட்ட வேண்டும். மில் சத்தத்தில் பேச்சே கேட்காது, எல்லாம் கைதான். விரலை மேலே காட்டிச் சுற்றினால் தூக்கு. கீழே காட்டிச் சுற்றினால் இறக்கு. கையை நேராக நீட்டி உள்ளங்கையைக் காட்டினால் ஸ்டாப். ஸ்டாப் காட்டிவிட்டால், நான் அடுத்த சிக்னல் கொடுக்கிற வரைக்கும் கிரேன் அசையாது.

ஆபரேட்டர் என் வயசுப் பையன், பொன்னேரியிலிருந்து ட்ரெயினில் வருகிறவன். அன்றைக்கு ரெண்டு பேரும் சாப்பிட உட்கார்ந்தோம். அவன் சாம்பார் டப்பாவில் நிஜமாகவே ஒரு பூச்சி விழுந்தது.

"மச்சி, சாம்பார்ல பூச்சிடா."

அவன் பாட்டுக்குச் சாதத்தில் ஊற்றினான்.

"டேய் நெசமா! பூச்சி!"

"ஆமா ஆமா. போன வாரம் மேனேஜர் கூப்புட்றாருன்னு சொல்லி, மேலருந்து ஏணியில எறங்க வெச்சியே, அதே பூச்சிதான இது?" என்று சொல்லிக்கொண்டே பிசைந்தான். விரலில் பட்டதும்தான் பார்த்தான். டப்பாவை மூடிவிட்டு என்னைத் திட்ட ஆரம்பித்தான்.

"நான்தான் சொன்னேன்ல?"

"உன் வாயை எவன்டா நம்புவான்? வாயத் தொறந்தா பேஜாரு."

"அப்பறம் எப்டி என் பேச்சக் கேட்டு ரெண்டு டன்னு லோட எறக்கற?"

"பேச்சக் கேட்டா எறக்கறேன்? கையப் பாத்து எறக்கறேன். உன் வாய்தான் ஃபிராடு, கை சுத்தம். கையில ஒரு நாள் வெளாட்டு காட்டிப் பாரு, அன்னிக்கே நான் கிரேன நிறுத்திட்டு எறங்கி வூட்டுக்குப் பூடுவேன்."

அவன் சொன்னது உண்மை. ஊரையே ஏமாற்றுகிற நான், சிக்னலில் மட்டும் ஒரு நாளும் விளையாடியதில்லை. விளையாடினால் யாருடைய காலாவது போகும். பயம்.

கிரேனுக்குப் பொய் காட்டாத இந்தக் கை, வாஷருக்கு ஒரு தடவையாவது உண்மையைக் காட்டியிருக்கிறதா? சாப்பிட்டுக் கை கழுவும்போது யோசித்துப் பார்த்தேன். ஒரு தடவைகூட ஞாபகம் வரவில்லை. கிரேன் ஆபரேட்டராக இருந்திருந்தால் அது எப்போதோ இறங்கி வீட்டுக்குப் போயிருக்கும். வாஷருக்குப் போக வேறு வீடு இல்லை, அதனால் என் கூடவே இருந்தது.

அன்று சாயங்காலம் டீக்கடையில் பொறை வாங்கி, துண்டு துண்டாக உடைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். எனக்கு நானே ஒரே ஒரு ரூல் போட்டுக்கொண்டேன். கையில் ஒன்றும் இல்லாமல் வாஷரிடம் கையை நீட்டக் கூடாது.

வாசலில் உட்கார்ந்து கையை நீட்டி, "வாஷரு" என்றேன். வரவில்லை. கையைத் திறந்தே காட்டினேன், பொறை தெரிகிற மாதிரி. ஓர் ஆள் தூரம் வரைக்கும் வந்து நின்றது. பொறையைப் பார்க்கவில்லை. என் இன்னொரு கை எங்கே இருக்கிறது என்று எட்டி, என் முதுகுப் பக்கம் பார்த்தது. எனக்குச் சுருக்கென்றது. அந்தக் கையையும் முன்னால் கொண்டுவந்து வைத்தேன். அப்படியும் வரவில்லை. பொறையைத் தரையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ரொம்ப நேரம் மோந்து பார்த்துவிட்டுத்தான் தின்றது.

என் கையிலிருந்து நேராக வாங்கித் தின்ன அதற்கு ஆறு நாள் ஆனது. அந்த ஆறு நாளும் பக்கத்து அறை அண்ணன் நாஷ்டா தின்றுகொண்டே வேடிக்கை பார்த்தார்.

"இன்னாடா, நாய்க்கு இண்டக்‌ஷன் கிளாஸா? ஐடி கார்டு எப்போ குடுப்ப?"

"முதல்ல ஷூ குடுக்கறேண்ணே. உன்னுது எங்க வெச்சுகிற?"

"கொன்னுடுவேன்."

அடுத்தது ஷூ. என் பழைய ஷூவையே போட்டு வைத்தேன். தூக்கிக்கொண்டு ஓடியது, திரும்பித் திரும்பிப் பார்த்தது. நான் ஓடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, அதற்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஆள் துரத்தவில்லை என்றதும் அதற்கு ஒரே குழப்பம். வயலில் இருந்து திரும்பி வந்தது. என்னைச் சுற்றி வந்து முன்னால் நின்றது. பொறையைக் காட்டினேன். ஷூவைக் கீழே போட்டது. பொறையைக் கொடுத்தேன். ஷூவையும் திரும்ப அதற்கே கொடுத்தேன். அப்போதுதான், ஷூவைப் போட்டால் நஷ்டமில்லை என்று அதற்குப் புரியும் என்று தோன்றியது. அது சரியாகவும் இருந்தது. ரெண்டு வாரத்தில் வாஷர் ஓடுவதையே விட்டுவிட்டது. ஷூவைப் பார்த்தால் தூக்கும். தூக்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்து காலடியில் போடும். போட்டுவிட்டு என் கையைப் பார்க்கும். மற்றவர்களிடமும் கெஞ்சிக் கேட்டு, ஷூவை அறைக்குள் வைக்க வைத்தேன். வேலைக்குப் போகும்போது வாஷரை அறைக்குள் விட்டு, என் பழைய ஷூவைத் துணைக்குப் போட்டுவிட்டுப் போவேன். ஊளை நின்றது.

பிறகு சிக்னல் கற்றுக்கொடுத்தேன். எனக்குத் தெரிந்தது அதுதானே. விரலைக் கீழே காட்டிச் சுற்றினால் உட்கார். உள்ளங்கையைக் காட்டினால் ஸ்டாப், நான் பக்கத்தில் வருகிற வரைக்கும் அசையக் கூடாது. முதலில் ரெண்டு அடி தூரம், பிறகு தொட்டி வரைக்கும், பிறகு வரப்பு வரைக்கும். ஒவ்வொரு முறையும் நானே நடந்து போய்ப் பொறை கொடுப்பேன். ஒரு நாள் பொறை தீர்ந்துவிட்டது. ஸ்டாப் காட்டிவிட்டு டீக்கடைக்கு ஓடி வாங்கி வந்து கொடுத்தேன். அது வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தது.

தீபாவளி அன்றைக்கு வெடிச் சத்தத்தில் வாஷர் கட்டிலுக்கு அடியில் போய் ஒண்டிக்கொண்டது. நான் வெளியே போகவில்லை. தரையில் படுத்து, கட்டிலுக்கு அடியில் கையை நீட்டி வைத்தேன், கையில் பொறையோடு. பொறையை அது தொடவே இல்லை. ரொம்ப நேரம் கழித்து, நடுங்கிக்கொண்டே வந்து, தாடையை என் உள்ளங்கையில் வைத்துக்கொண்டது. கை மரத்துப் போகிற வரைக்கும் எடுக்கவில்லை.

தீபத்துக்கு ரெண்டு நாள் இருந்தது. எனக்கு வீக்லி ஆஃப். மத்தியானம் தொட்டிக்குப் பக்கத்தில் குளித்துக்கொண்டிருந்தேன். தலை, முகம் எல்லாம் சோப்பு. அண்ணன் செகண்ட் ஷிப்ட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அவர் வீட்டுக்குத் திருவள்ளூரிலிருந்து மச்சான் வந்திருந்தார். அண்ணன் ஒரு ஷூவை மாட்டிவிட்டு லேஸ் கட்டக் குனிந்திருக்கிறார். இன்னொன்று படியில் இருக்கிறது. வாஷர் வழக்கம் போல அதைத் தூக்கிக்கொண்டு என்னைத் தேடித் தொட்டிப் பக்கம் வந்திருக்கிறது.

மச்சானுக்கு இந்தக் கதையெல்லாம் எப்படித் தெரியும்? பக்கத்தில் கிடந்த கட்டையை எடுத்துக்கொண்டு, "புடி புடி! நாய் ஷூவத் தூக்கிக்கினு ஓடுது!" என்று கத்திக்கொண்டு பாய்ந்தார்.

கட்டையைப் பார்த்து மிரண்டு, வாஷர் வாயில் ஷூவோடு மெயின் ரோட்டுப் பக்கம் பறந்தது.

"தொரத்தாத! ஐயோ, தொரத்தாதய்யா!" என்று கத்தினேன். இடுப்பில் கட்டின ஈரத்துண்டோடு, முகத்தில் சோப்போடு ஓடினேன். அண்ணன் ஒற்றைக்கால் ஷூவோடு பின்னாலேயே வந்தார்.

ரோட்டுக்கு வந்து பார்த்தால், எப்படித் தாண்டியதோ, வாஷர் ரோட்டுக்கு நடுவில் அரளிச்செடி வைத்திருக்கிற திட்டில் நின்றது. வாயில் ஷூ. எங்களுக்கும் அதற்கும் நடுவில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. அது என்னைப் பார்த்துவிட்டது. அவ்வளவுதான், வால் ஆட ஆரம்பித்தது. முன்னங்கால் ஒன்றைத் திட்டிலிருந்து ரோட்டில் இறக்கியது.

பழைய வாஷராக இருந்திருந்தால் என்னைப் பார்த்ததும் அந்தப் பக்கம் ஓடியிருக்கும். ஷூவைக் கொண்டுவந்து என் காலடியில் போட வேண்டும் என்று கற்றுக்கொடுத்தது நான்தான். அதைத்தான் அது செய்யப் பார்த்தது. கம்பி ஏற்றிய ட்ரெய்லர் ஒன்று ஹாரனை அடித்துக்கொண்டு வருகிறது. நான் கத்துவது எனக்கே கேட்கவில்லை.

கையை நேராக நீட்டினேன். உள்ளங்கை வாஷரைப் பார்த்து. ஸ்டாப்.

முன்னங்கால் அப்படியே நின்றது. ட்ரெய்லர் தடதடவென்று நடுவில் வந்து அதை மறைத்தது. எவ்வளவு நீளம் அந்த வண்டி! அது போகிற வரைக்கும் நான் கையை இறக்கவில்லை. போனதும் பார்த்தேன். வாஷர் காலை எடுத்துத் திட்டில் வைத்துக்கொண்டு, அரளிச்செடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. வாயில் ஷூ. கண் என் கையின் மேல்.

பின்னாலேயே இன்னொரு லாரி, ஒரு கண்டெய்னர், ரெண்டு பஸ். சோப்பு கண்ணுக்குள் இறங்கி மிளகாயாக எரிந்தது. கண்ணை மூடினால் வாஷர் தெரியாது. எந்தக் கையை அசைத்துத் துடைத்தாலும் அது அடுத்த சிக்னல் என்று நினைத்துக் கிளம்பிவிடும். தோள் வலித்தது. பக்கத்தில் அண்ணன் மூச்சு வாங்க நின்றார். அவர் என் கையையும் பார்க்கிறார், அந்தப் பக்கமும் பார்க்கிறார்.

"கைய எறக்காதடா," என்றார் மெதுவாக. "எறக்காத. நான் பாத்துச் சொல்றேன்."

வண்டி குறைந்ததும், "போ! இப்ப போ!" என்றார். அவரும் கையை நீட்டி, வருகிற வேனை மறித்துக்கொண்டு நின்றார். கையை நீட்டினபடியே நான் ரோட்டைத் தாண்டினேன். வாஷர் எழுந்திருக்கவில்லை. நான் பக்கத்தில் போய் நின்ற பிறகுதான் ஷூவை என் காலில் போட்டது. இரும்பு முனை சரியாக என் வெறுங்கால் கட்டை விரலில் விழுந்தது. அவ்வளவு சந்தோஷமாக நான் என்றைக்கும் வலியில் கத்தியதில்லை.

போட்டுவிட்டு, என் கையைப் பார்த்தது.

துண்டில் ஏது பை? பொறை இல்லை. உலகத்திலேயே பெரிய வேலையைச் செய்துவிட்டுக் கூலி கேட்கிறது, என்னிடம் வெறுங்கை. கையை நீட்டாமல், ஷூவையும் சேர்த்து அப்படியே அதைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். "இருடா. இருடா தங்கம். வாங்கித் தரேன்" என்று சொல்லிக்கொண்டே அண்ணன் காட்டின இடைவெளியில் திரும்பி வந்தேன். அழுதேனா என்று கேட்டால், கண்ணில் சோப்பு என்று சொல்லிக்கொள்கிறேன்.

நேராக டீக்கடை. ஈரத்துண்டோடு, தலையில் நுரையோடு, கையில் நாயோடு நின்றேன். "பொறை குடுண்ணே, அப்பறம் டப்பு தரேன்" என்றேன். கம்பெனி பஸ் முனையில் நின்றுகொண்டிருந்தது. ஜன்னல் பூராவும் தலைகள்.

"டேய் சிக்னலு! லோடு பத்திரமா எறங்கிச்சா?" என்று எவனோ கத்தினான். பஸ்ஸே சிரித்தது.

அண்ணன் ஒரு காலில் ஷூ, ஒரு காலில் சாக்ஸோடு வந்து நின்றார். ஷூவைத் திருப்பிக் கொடுத்தேன். எச்சில். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"ரெண்டு பொறையா வாங்குடா," என்றார். "ஒண்ணு நான் குடுக்கறேன்."

"பஸ்ஸுண்ணே..."

"நிக்கட்டும். இத்தப் பாத்துட்டு டிரைவரு எங்க கெளம்பப் போறான்."

அவர் குனிந்து, கையை நன்றாகத் திறந்து, பொறையைக் காட்டினார். வாஷர் அவருடைய இன்னொரு கையைத் தேடவில்லை. நேராக வாங்கித் தின்றது. அவர் ஷூவைத் துடைத்து மாட்டிக்கொண்டு பஸ் ஏறினார். ஏறும்போது திரும்பி, "நாளைக்கி உன் ஷூவத் தூக்கச் சொல்லுடா" என்றார்.

தீபத்தன்று சாயங்காலம் ஓனரம்மா அகல்விளக்குத் தட்டோடு வந்தார். லைன் வாசல் முழுக்க வரிசையாக விளக்கு வைத்தார். கடைசி விளக்கை என் படியில் வைத்துவிட்டு, மூலையில் உட்கார்ந்திருந்த வாஷரைப் பார்த்தார்.

"இன்னா நைனா, இன்னும் இங்கதான் கீதா?"

"கீதும்மா."

"அந்த ஃபோர்க்லிஃப்ட்டுக்காரன் எல்லாம் சொன்னான். இருக்கட்டும்." நாலு அடி நடந்துவிட்டுத் திரும்பினார். "ஆனா என் செருப்பத் தொட்டுச்சுன்னு வை, அத்த ஒண்ணும் பண்ண மாட்டேன். உன்னத்தான் செக்போஸ்ட்டுக்கு அந்தாண்ட உட்டுட்டு வருவேன்."

அஞ்சு வாரமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த ரெண்டு டன் லோடை யாரோ மெதுவாக இறக்கி வைத்த மாதிரி இருந்தது. படியில் உட்கார்ந்தேன். வாஷர் வந்து தாடையை என் கையில் வைத்தது. கையில் ஒன்றும் இல்லை. அது கேட்கவும் இல்லை.

நான் ஒன்றும் பெரிதாகத் திருந்திவிடவில்லை. இன்றைக்கும் மில்லில் என் பேச்சை எவனும் நம்புவதில்லை, பொன்னேரிக்காரன் நான் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் சாம்பாரைக் கிளறிப் பார்த்துவிட்டுத்தான் ஊற்றுகிறான். ஆனால் நாயோ மனுஷனோ, யாரிடம் கையை நீட்டினாலும், அதில் கொடுக்க நிஜமாகவே ஏதாவது இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் நீட்டுகிறேன்.